பேர் அடித்த மேல்மூடிகள்

அன்றைக்கு மாடியறையில் இருந்தது முதலாளி அண்ணாச்சி, தையல் மிஷினில் என் சித்தப்பா மகன், பசை தடவும் அக்கா, தோல் வெட்டுகிற நான், அப்புறம் நைரோபியிலிருந்து வந்த அம்மா. வெளியே மழை.

அந்த அம்மாவுக்கு அங்கே தோல்பைகள் விற்கும் கடை. அவர் அப்பா காலத்தில் லண்டன் சரக்கு. இவர் கைக்கு வந்த பிறகு எங்கள் தாராவி சரக்கு. ஒன்பது வருஷமாக ஜூலையில் வருவார், இஞ்சி டீ குடிப்பார், ஆர்டர் சொல்வார். மழை மாதங்களில் அறை ஓடுவது அந்த ஆர்டரில்தான். அது நின்றால் அறையை விட்டுவிடுவேன் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார்.

மழையில் தோல் ஈரம் இழுக்கும். சூட்டு அச்சு சரியாகப் பதியாது. அதனால் ஆர்டருக்குக் காத்திராமல், மே மாதத்திலேயே பையின் மேல்மூடிகளை வெட்டி, அவர் கடைப் பேரை அடித்து வைத்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பழக்கம்.

இந்தத் தடவை அவர் ஒரு பையை எடுத்து மேஜையில் வைத்தார். சீனாவில் செய்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதை அண்ணாச்சி எங்களுக்குச் சொன்னார். அவர்கள் ஊருக்குச் சீனாக்காரர்கள் ரயில் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர் அதில் ஏறி ஊருக்கே வந்துவிடுகிறதாம். தெருவில் எல்லாக் கடைக்கும் சீனா சரக்குதான். இவர் மட்டும் விலை கூட்டி விற்க முடியாது.

பையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தோல் இல்லை, ரெக்சின். ஓரம், ஜிப், வார் எல்லாம் இழுத்துப் பார்த்தேன். தையலில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

லண்டன்காரனை விட்டு எங்களிடம் வந்தாரே, அந்த லண்டன்காரன் என்ன ஆனான் என்று நாங்கள் கேட்டதில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்தார். போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“பேரு அடிச்சிட்டீரா மாஸ்டர்?”

“அடிச்சாச்சு அண்ணாச்சி.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

மேலே ஒரு துண்டு ஒட்டி மறைக்கலாமா என்று அக்கா கேட்டாள். மறையாது, தழும்பு மாதிரி தெரியும் என்றேன்.

“அந்தப் பேருல ஒனக்கு ஒரு பேத்தி பொறந்தா சீருக்கு ஆவும்ணே” என்றான் சித்தப்பா மகன். அவன் மிஷினுக்குத் துணி போட்டு மூடினான்.

அண்ணாச்சி சொன்னார்: “எண்ணிக் கட்டும் மாஸ்டர். மாசக் கடைசில அறைய விட்டுருதேன்.”

மேல்மூடிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். இருபது இருபதாக அடுக்கினேன். அக்கா சணல் கட்டினாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.