விசாகிரி தாங்கும் பாரம்

துருவின் மேல் தேங்காயெண்ணெய் விட்டால் எழும் வாசனை, இப்போதும் என்னை முட்டத்து வீட்டின் சன்னலடியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கீல் என்பது பாடப்புத்தகத்துச் சொல். எங்களுக்கு அது "விசாகிரி".

பாறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த அக்கா, மூன்று மாதம் அந்தச் சன்னலை ஒட்டிய கட்டிலில் கிடந்தாள். வீட்டில் கடல் தெரிகிற சன்னல் அது ஒன்றுதான். துருப்பிடித்த மேல் விசாகிரி ஆடத் தொடங்கியதும், உள்பக்கம் திறக்கிற அந்த அயினிப்பலகைக் கதவு அக்காவின் தலையில் விழுந்துவிடும் என்று பயந்த அம்மை, ஆணியடித்து மூடிவிட்டாள். அதன்பிறகு அக்கா சோற்றைப் பிசைவாளே தவிர, தின்ன மாட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்குப்புலி என்று ஒரு நினைப்பு. புது விசாகிரி இரண்டு வாங்கிவந்து, கதவைக் கழற்றி அம்மையின் மீன் தராசில் நிறுத்தேன். எட்டுக் கிலோ. ஒன்றுக்கு நாலு, கடைக்காரரோ இருபது தாங்கும் என்றிருந்தார். பிறகென்ன பயம்? ஆனால் மீன் விற்கிறவள் கண்ணால் பார்க்காத எடையை ஒத்துக்கொள்வாளா? கட்டிலை நகர்த்திவிட்டு, கதவை மாட்டித் திறந்து, அதன் நுனியில் பத்துக் கிலோ மணல்சாக்கைத் தொங்கவிட்டேன். மேல் விசாகிரி திருகாணிகளோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அம்மை மறுபடி ஆணி தேடப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் சொன்னாள்: "ஏட்டி, கீழ உள்ளது அசையல்ல, பாத்தியா? மேல உள்ளதத்தான் பாரம் வெளிய இழுத்திருக்கு. குடத்த ஒக்கல்ல வச்சா கனக்காது. கைய நீட்டிப் பிடிச்சா தோளு போவும்லா."

நான் எடையை மட்டும் பங்கு வைத்திருந்தேன். அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று யோசிக்கவேயில்லை. இரண்டுக்கும் இடைவெளி கூடினால் மேலதன் இழுப்பு குறையும் என்று, அன்றைக்கே விசாகிரிகளைக் கதவின் மேல்நுனிக்கும் கீழ்நுனிக்குமாக விலக்கிவைத்து, மேலே நீளத் திருகாணி முடுக்கினேன். சாக்கு தொங்கியது, கதவு அசையவில்லை. அம்மை தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அன்று அக்கா இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

இப்போது அந்த வீட்டில் அலுமினியச் சன்னல். இடமும் வலமுமாக ஓடும், விசாகிரிக்கு வேலையில்லை. கட்டடங்களுக்குப் பாரக்கணக்குப் போட்டுப் பிழைக்கிறேன். நான் தின்னும் சோறு அன்றைக்கு அக்கா சொன்ன குடக்கணக்கு போட்டது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவள், ஞாயிறுதோறும் வீடியோ காலில் கடலைக் காட்டச் சொல்வாள். போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பேன்.

"கைய மடக்குட்டி, தோளு வலிக்கும்," என்பாள்.

வலிக்கத்தான் செய்கிறது. அவள் பார்த்து முடிக்கிறவரை நான் மடக்குவதில்லை.