நைனாவுக்குப் போட்ட சோடா காபி

நைனாவுக்குச் சூடாக எதுவும் இறங்காமல் போன கோடையில்தான் நான் சோடா காபி போடக் கற்றுக்கொண்டேன்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, செஞ்சி கடைத்தெரு நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். விடியுமுன் மண்டி வாசலில் ஒரு காபி, வண்டி முழுக்க இறக்கி முடித்ததும் ஒரு காபி. பழைய சோறு இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவார். காபி இல்லையென்றால் தோளுக்கு மூட்டை ஏறாது. தொண்டையில் கட்டி வந்தபோது முதலில் சோறு நின்றது, பிறகு கஞ்சி நின்றது, கடைசியாகக் காபியும் நின்றது. ஒரு வாய் விழுங்குவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிவார், குடித்தது அப்படியே வெளியே வரும். அதை அம்மா மண் போட்டு மூடுவாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாலுகா ஆபீசில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். அதனால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான், டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதும் நான்தான். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஜில்லென்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், வேறு எதுவும் செய்வதற்கில்லை என்றார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் பாதியைத்தான் சொன்னேன்.

"சூடு ஆவாதாம் நைனா. ஜில்லுன்னு குடுக்கச் சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மீதியை அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் யாரிடம் சொல்லி அழுதாளோ, நைனாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்டு, சோடா ஊற்றி, அதில் பால் இல்லாத காபியை விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நுரை தம்ளருக்கு மேலே எழும்பி நின்றது.

"இன்னாடா அது, சீமச் சரக்கா?"

"காபிதான் நைனா. குடிச்சிப் பாக்குறியா?"

துணிந்து ஒரு வாய் குடித்தார். குனியத் தயாராகக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். குனியவில்லை. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. கடைக்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய ஏப்பம். "எறங்கிடுச்சிடா," என்றார். அந்தத் தம்ளரை அவர் முழுக்கக் குடித்து முடிக்கும்வரை செஞ்சி பஸ்ஸைப் போக விட்டுவிட்டு நின்றோம்.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. சூடான டிகாஷனை ஐஸ்மேல் ஊற்றினால் ஐஸ் போய்விடும், மிஞ்சுவது வெறும் கறுப்புத் தண்ணீர். பால் சேர்த்தால் சோடா பட்டதும் திரிதிரியாய் முறியும். காபிமேல் சோடாவை ஊற்றினால் பாதி பொங்கித் தரைக்குப் போகும். கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. தூளைத் துணியில் கட்டிக் கெட்டியாக வடித்து, சர்க்கரையை அதிலேயே கரைத்து, செம்போடு பானைத் தண்ணீரில் ஆறவைக்க வேண்டும். தம்ளரில் ஐஸ், அதன்மேல் சோடா, கடைசியாகக் காபியைத் தம்ளரின் ஓரமாகச் சாய்த்து மெதுவாக விட வேண்டும். சோடா பாட்டிலின் கழுத்திலிருக்கும் கோலியை அமுக்கும் வேலையை நைனாவே வாங்கிக்கொண்டார். எழுந்து நடக்க முடியாதவருக்குக் கட்டைவிரலில் மட்டும் பழைய பலம் இருந்தது. 'டப்' என்று கோலி உள்ளே விழும்போது அம்மாவைப் பார்ப்பார்.

"மூட்ட தூக்குன கையி. பாத்துக்க."

"ஆமா, கோலி தூக்க நீதான் லாயக்கு," என்பாள் அம்மா.

பிரச்சினை ஐஸ்தான். கடைத்தெரு சோடாக் கடையில் துண்டு ஐஸை மரத்தூளில் சுற்றித் தருவார்கள். மலையடிவாரத்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அது கோலி அளவு ஆகிவிடும். சித்திரையில் மலைப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வீட்டுக்குள் ஊதும். ஐஸ் இல்லாத அன்று நைனா வயிற்றுக்கு ஒன்றுமில்லை. வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தடவிக்கொண்டு படுத்திருப்பார். ஆகவே ஒரு வழி செய்தேன். திண்டிவனத்தில் ஐஸ் பேக்டரி இருந்தது. பஸ் கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி வைத்து, ஒரு முழுப் பாளத்தை உமியும் சாக்கும் சுற்றி பஸ் கூரைமேல் ஏற்றி வரச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி உமி நிரப்பி வைத்தேன். ஒரு பாளம் இருந்தால் மூன்று நாள் நைனா குடிப்பார் என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் பாளம் இறங்கியது. வாடகைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிறு கட்டினேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட தளவானூருக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் அவளுடைய அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தாலுகா ஆபீஸ் உத்தியோகத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் நுழைந்தபோதும் அப்படித்தான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருத்தி இழுத்து வீட்டுக்குள் தள்ளினாள்.

அன்று மத்தியானம் தம்ளர் நிறைய ஐஸ் போட்டேன். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாதிக்குமேல் குடித்துவிட்டார். "பாண்டிச்சேரிக்காரன் தோத்தான்," என்றார்.

அப்போது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

"மூட்ட சொமந்த தோளுக்கு மால வாங்கியாந்தேனே... கூடப் பொறந்தவள ஒரு வார்த்த கேக்காம போயிட்டியேண்ணே..."

நைனா தம்ளரைக் கீழே வைக்காமல் காது கொடுத்தார். "யாருக்குடா?"

அது அத்தையின் குரல், நைனாவின் ஒரே தங்கையின் குரல். பாளமாக ஐஸ் எங்கள் தெருவுக்குள் அதற்கு முன் வந்தது ஒரே தடவைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டாளத்திலிருந்த மகன் வந்து சேரும்வரை ஒரு கிழவரின் பிணத்தை அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஐஸ் போனால் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

மார்பில் அடித்துக்கொண்டே அத்தை உள்ளே வந்தாள். பின்னால் மாலையோடு மாமா, அவருக்குப் பின்னால் எங்கள் தெருவின் பாதிப் பேர். கையில் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அத்தையின் கை மார்பிலேயே நின்றுவிட்டது. அவள் இடுப்புக் கூடையில் கோடித்துணி மடித்து வைத்திருந்தது.

முதலில் மாமாதான் சிரித்தார். "மச்சான் எமன மண்டியில மூட்ட எண்ண வுட்டுட்டு ஓடியாந்துட்டாருடி!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். நைனாவும் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். இருமல் நின்றதும் கேட்டார்.

"ஏம்மே, நான் எப்டி செத்தேன்னு சேதி சொன்னவன கேட்டியா?"

"கேக்கலண்ணே. ஐஸு போவுதுன்னான். ஓடியாந்தேன்."

"திடீர்னு எப்டி போவும் உசுருன்னு கேக்க மாட்டியா?"

அத்தை கூடையின் ஓலையைப் பிய்க்கத் தொடங்கினாள். நைனா வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்களும் கேக்கல. அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது." பிறகு என்னிடம் திரும்பினார்.

"டாக்டரு இன்னாடா சொன்னான்? முழுசா சொல்லு."

அவ்வளவு பேர் நடுவில் சொன்னேன். குரல் ஆபீசில் மனு படிப்பது மாதிரி வந்தது. அவர் கேட்டு முடித்து, கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்தார். நுரை அடங்கியிருந்தது. அதை மறுபடி எடுக்கவில்லை.

அன்று பொழுது சாயவும் புதிதாகப் போட்டுக் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இது எறங்குதே நைனா. குடிச்சா தெம்பு வரும்."

"தெம்பு வந்து?"

சோடா பாட்டிலைக் கையில் கொடுத்தேன். கோலியை அமுக்கவும் மறுத்துவிட்டார்.

அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. "போனா ஒடனே திரும்பி வரணும், எதுக்கு அலைச்சலு," என்று மாமா வாசலில் யாரிடமோ சொன்னது உள்ளே கேட்டது. மாலையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வேலியில் மாட்டினார்கள், ஆடு தின்றுவிட்டது. தெருக்காரர்கள் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா எல்லோருக்கும் சோறு பொங்கினாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். மத்தியானம் உள்ளே நிற்க முடியாத வெக்கை. உமிக்குழியில் பாளம் வீணாகக் கரைந்துகொண்டிருந்தது. "தண்ணியாத்தானே போவுது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடேன்," என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன்.

"போட்டுக் குடுடா. வந்தவங்கள காய வெக்காத."

போட்டேன். கை பழகிவிட்டிருந்ததால் ஒரு சொட்டும் பொங்கி வழியவில்லை. அத்தை இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தாள். குளிரில் அவள் தோள் ஒரு முறை குலுங்கியது. நைனா படுத்தபடியே அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுண்ணே." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிச்சத்தை ஒரு கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். "ஒரு வாய் நைனா. எனக்காவ." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. "அவளுக்கு ஊத்துடா," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் விழுங்கவில்லை. அம்மா ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பாள், அவ்வளவுதான். அந்த வாரமே போய்விட்டார். நான் ஆபீசில் இருந்தேன். மாமா வந்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டபோது, மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கிவிட்டு எழுந்தேன்.