தங்கத்தாய் காய்ச்சிய மாவு

தங்கத்தாய் அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். மாமன் மகன் மணிமுத்துவைக் கட்டினார். ஒரே மகள் பாண்டிலட்சுமி. நாலு வயதாகியும் பிள்ளை ரெண்டு வயது உயரம்தான் இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருக்கும். சில நாள் காலையில் எழுப்பினால் எழாது, வலிப்பு வரும்.

மூன்று ஊர் ஆஸ்பத்திரி அலைந்து, மதுரையில்தான் விஷயம் தெரிந்தது. சாப்பிடுகிற சர்க்கரையை ஈரல் சேர்த்து வைக்கிறது, திருப்பித் தர மாட்டேன் என்கிறது. அதற்கான என்சைம் பிறவியிலேயே இல்லை. அம்மா அப்பா இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருந்து, இரண்டும் பிள்ளைக்கு வந்துவிட்டன. லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். மருந்து என்னவென்றால், மளிகைக் கடையில் விற்கிற கார்ன்ஃப்ளவர் மாவு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இராப்பகல் பாராமல். அது குடலில் மெல்ல மெல்லச் செரித்து இரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த மாவு எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று மதுரை டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அதில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை எனக்கு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், உயிர்வேதியியல். பெற்றோர் எழுத வேண்டிய நோட்டைத் தமிழில் தயாரித்ததும் நான்தான். அட்டையில் சின்னதாக என் பெயர் இருக்கும். ஊரில் காட்டாத ஆள் பாக்கியில்லை.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது, மாவு நேரத்துக்கு வீட்டுக்கு வரவும் முடியாது. அதனால் அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றினார். நாற்பத்தொரு நாளில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் விரலில் குத்திப் பார்த்தால், மாவு கொடுத்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டும், மூன்றாம் மணியில் ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு தடவை பிள்ளை மயங்கிவிட்டது.

"இந்தப் பிள்ளைக்கு மாவு கேக்கல போலருக்கு. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லுங்க. மூக்கு வழியா டியூப் வச்சிரலாம்" என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை அதைச் சொல்லப் போனேன்.

"டியூப்னா எம்புட்டு நாளைக்குத் தம்பி?"

"வருசக் கணக்கா ஆகலாங்க்கா."

"பிள்ளைய எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்புறது?" என்றார் மணிமுத்து.

அக்கா மணியைப் பார்த்தார். பதினொன்று. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

"எனக்கு டீ வேணாங்க்கா."

"ஒங்களுக்கு யாரு டீ போட்டா? பிள்ளைக்கு மாவு காய்ச்சுறேன்."

"காய்ச்சுறீகளா?"

"பின்ன, பச்ச மாவையா குடுப்பாக? கம்பெனில குழாய் ஒட்டப் பதினோரு வருசம் பசை காய்ச்சின கை தம்பி இது. பச்ச மாவு எதுலயும் பிடிக்காது, கரைஞ்சு ஓடிரும். காய்ச்சினாத்தான் நிக்கும். நாலு மணி நேரம் வயித்துல நிக்கணும்னுதான டாக்டரம்மா சொன்னாக?"

"காய்ச்சினா வெரசாச் செரிச்சிரும்க்கா. அதான் உடனே ஏறி உடனே எறங்குது."

கரண்டி நின்றது. "அப்ப நாந்தான் பிள்ளைய மயங்கப் போட்டேனா?"

நோட்டைத் திறந்தேன். 'தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும்.' பச்சைத் தண்ணீர் என்றோ அடுப்பில் வைக்காதீர்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. நேரத்துக்குக் கட்டம், அளவுக்குக் கட்டம். எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. பிள்ளைக்குப் பச்சை மாவை எங்கள் வீட்டிலும்தான் யாரும் கொடுக்க மாட்டார்கள். அது தெரிந்த நானே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குளுக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, மணிக்கொரு தடவை பார்க்கச் சொன்னார்.

"ஏம்மா, சுண்ணாம்பத் தாரீக?" என்றாள் பாண்டிலட்சுமி, ஒரு வாய் குடித்துவிட்டு.

"குடிச்சிரு ஆத்தா. இத்தன நாளு உங்கம்மா பசைய ஊத்தினா, அதக் குடிச்சேல்ல?" என்றார் மணிமுத்து. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு. ஒரு மணிக்கு நூற்றிநாலு. இரண்டுக்குத் தொண்ணூற்றொன்று. மூன்று மணிக்கு விரலில் குத்தும்போது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எழுபத்தெட்டுக்கா."

"அது நல்லதா?"

"நல்லது."

திங்கட்கிழமை டியூப் வைக்கவில்லை. ஆனாலும் அக்கா மதுரைக்கு வந்தார். நோட்டில் குறை இருந்தது என்று டாக்டரம்மாவிடம் நான் ஆரம்பிக்கும் முன்பே, "நாப்பத்தோரு நாளும் காய்ச்சிக் குடுத்தேம்மா. அம்புட்டையும் அடிச்சிருங்க. அத வச்சு வேற பிள்ளைக்கு எதும் சொல்லிறாதீக" என்றார்.

"அடிக்க வேண்டாம். 'காய்ச்சியது'ன்னு பக்கத்துல எழுதி வைப்போம். அதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில், இதே நோய்க்குப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஒரு பெண் இருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க மாவ எப்படிம்மா கலக்குறீக?"

"லேசாச் சூடு காட்டிக்கிடுவோம். பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்ல?"

அக்கா அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.