குகையில் விட்ட சவம்

என் கணவர் வளர்த்த ஜந்துவுக்குச் சவம் என்று பெயர். உடனே முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் சவம் என்றால் பிணம் மட்டும் அல்ல. பஸ் வராவிட்டால் சவம், சாவி கிடைக்காவிட்டால் சவம், பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் சவம். பெற்ற பிள்ளையைக் கொஞ்சும்போதும் ‘சவமே’ என்று வாயில் வந்துவிடும். ஒரு காரியம் சரிப்படாது என்று தோன்றினால் ‘சவத்த விடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்தக் கடைசிப் பேச்சால்தான் எனக்கு வினை வந்தது.

அது உயிருள்ள ஜந்துவும் இல்லை. மகளுடைய பழைய வீடியோ கேமில் வருவது. பர்ஸ் போல மடக்கலாம், சின்னப் பெட்டி. அதற்குள் ஊர்களும் காடுகளும் இருக்கின்றன. புல்லுக்குள் நடந்தால் விதவிதமான ஜந்துக்கள் குறுக்கே வரும். சண்டை போட்டுத் தளர வைத்து, கூண்டை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே நான் சிரிக்காத கணக்கு டீச்சர்.

கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், உடம்பு படுத்ததும் ஊருக்கு வந்தார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். மயிலாடி வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், எடை பார்த்து, கட்டிலில் படுத்து, இடது கையில் இரண்டு ஊசி ஏற்றினால் நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. பிரஷர் திடீரென்று இறங்கிவிடும் ஆள் என்பதால் என்னைப் பக்கத்திலேயே இருக்க விட்டார்கள். நான் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பச்சை பெயின்ட் அடித்த சுவர். அதில் ஈரம் படர்ந்த இடம் எத்தனை என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவர் சட்டை போடவில்லை. “போதும்ட்டி. இனி நான் வரல்ல” என்றார். போகாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொல்லியிருந்தார். நான் கத்தினேன், அழுதேன், ஆட்டோக்காரரை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன். அவர் அசையவில்லை. செய்தி கேட்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் மறுநாளே வந்து இறங்கினாள். பையிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “படுத்துட்டே விளையாடலாம்ப்பா. ஒரு தடவ, எனக்காக.” புதன்கிழமை வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். ஆனால் திங்கள், புதன், வெள்ளி என்ற சொற்களை மட்டும் அவர் வாயால் சொல்வதில்லை. ‘நாளைக்குப் போகணும்’ என்று நான்தான் நினைவுபடுத்த வேண்டும். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவரை ஆட்டோவில் ஏற்றுவது அந்தப் பெட்டிதான் என்று நான் நம்பினேன். எனவே அதைக் கண்ணில் வைத்துக் காத்தேன்.

விளையாடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. நடக்கிற பொத்தான்கள் பெட்டியின் இடது பக்கம், முடிவெடுக்கிற பொத்தான்கள் வலது பக்கம். அவருக்கு ஒரு கைதான் இருக்கிறது. ஆகவே வயிற்றின் மேல் தலையணை, தலையணை மேல் பெட்டி, வலது பக்கம் அவர் கை. எட்டி இடது பக்கத்தை அமுக்குவது என் வேலை. நடப்பது நான், முடிவெடுப்பது அவர். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எல்லாம் நேர்மாறாகத்தான் இருந்தது. மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, “நீயே பாத்துச் செய்யி” என்று சொல்லியே காலத்தை ஓட்டினவர் அவர்.

முதலில் பிடிபட்டது முதுகில் கல் மாதிரி ஓடு உள்ள ஒன்று. எங்கள் மயிலாடிக் கல்தச்சர்கள் பாதி செதுக்கிப் போட்ட நந்தி போல இருக்கும். மூன்று முறை கூண்டை உடைத்து வெளியே வந்தது. “சவம், கெடக்க மாட்டேங்கே” என்று அலுத்துக்கொண்டார். நான்காம் முறை கிடந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று கேம் கேட்டபோது அதையே எழுதிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். டயாலிசிஸ் வார்டில் வைக்கிற பெயரா அது?

மூன்றாவது ஊரைத் தாண்டியதும் பாதையை விட்டு விலகி ஒரு குகை வந்தது. சென்னைக்குத் திரும்பிவிட்ட மகளிடம் போனில் கேட்டேன். “அதுக்குள்ள போவாண்டாம்மா. போகாட்டாலும் கதை நடக்கும். சும்மா வச்சிருக்கான்” என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. குகையை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனால் போதும் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

“தண்ணி அளவாக் குடிக்கணும், இளநி கூடாது, வாழப்பழம் கூடாது, ஊசி போடணும். எல்லாம் கட்டாயம். வேண்டாததா ஒரு எடமாவது போவோம்ட்டி.”

போனோம். இருட்டு. சவத்தின் ஓட்டைச் சுற்றி மட்டும் மங்கலாக வெளிச்சம் விழும். இரண்டு அடி வைத்தால் ஒரு வவ்வால் வரும். அதை அடித்து விரட்டினால் அடுத்த இரண்டு அடியில் அதன் தம்பி வரும். எந்த வளைவும் முதல் வளைவு போலவே இருக்கும். திங்கள் போன இடத்துக்கே புதனும் போய் நின்றோம். என் இடது பெருவிரல் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உப்பில்லாமல் ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று செய்ய விரல் மடங்காது. அவ்வளவு அலுப்பிலும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை குகையின் அடியை எட்டினோம். அங்கே ஒரு சின்னக் குளம், அதிலிருந்து வெள்ளையாக ஒரு ஜந்து எழும்பியது. அவர் எறிந்த முதல் கூண்டிலேயே விழுந்துவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. உடனே கேம் கேட்டது: பையில் இடமில்லை, எதை விடப் போகிறீர்கள்? நான் அவரைக் கேட்டேன்.

“சவத்த விடு” என்றார்.

“சவத்தையா?”

“விடுட்டி.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சவத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் விரல் அமுக்கவில்லை. நானே குனிந்து வலது பக்கப் பொத்தானை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. மறுபடியும் அமுக்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு அது இருட்டுக்குள் போனது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகமெல்லாம் வியர்வை. கண் செருகிக் கிடக்கிறது. சிஸ்டரைக் கூப்பிட்டு நான் போட்ட சத்தத்தில் அந்த ஹாலே எழுந்து உட்கார்ந்தது. காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றி, அரை மணி நேரத்தில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

தெளிந்ததும் பெட்டியை வாங்கிப் பார்த்தார். “சவம் எங்க?”

“நீங்கதான விடச் சொன்னிய?”

“தலைய சுத்திச்சு. கேமுக்க காரியத்த விட்டுட்டு சிஸ்டரக் கூப்பிடுன்னு சொன்னேன்.” அவ்வளவுதான், என்னைத் திட்டவில்லை. பெட்டியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வெப்ராளமும் வேதனையும் வந்திருக்காது. திங்கட்கிழமை சட்டை போடுவாரா என்ற பதற்றம் அப்போதே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டேன். “விட்டா விட்டதுதாம்மா. திரும்ப வராது” என்றாள். கீழே இறங்கி வந்து அவரிடம் சொன்னேன். “குகையிலதான் சுத்திக்கிட்டுக் கெடக்குமாம். தேடுனா கிடைக்குமாம்.” பிள்ளைகள் விடையைப் பார்த்து எழுதினால் முட்டி போட வைக்கிற நான், முகம் மாறாமல் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்பிடியா? அப்ப தேடுவோம்.”

திங்கட்கிழமை சட்டை போட்டார்.

மூன்று வாரம் தேடினோம். அதே வவ்வால்கள், அதே வளைவுகள். கல் ஓட்டு ஜந்து ஒன்று வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அது சவம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே. அவர் உற்றுப் பார்த்து, “இது இல்ல” என்று விட்டுவிடுவார். நான்காவது வாரத் திங்கட்கிழமை, நடந்து நடந்து குளக்கரைக்கே மறுபடியும் வந்து நின்றபோது என்னால் முடியவில்லை. விரல் வலியா, அலுப்பா, பொய்யின் கனமா, தெரியவில்லை.

“அது வராது. விட்டா விட்டதுதானாம். நான் பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்” என்றார். “நீ மாடியிலேருந்து எறங்குகதுக்கு முன்னாலயே புள்ள எனக்கு மெசேஜ் போட்டுட்டா.”

“பின்ன எதுக்கு மூணு வாரமாத் தேடினிய? எனக்க வெரலப் பாத்தியளா?”

அவர் எதிரே இருந்த பச்சைச் சுவரைக் கண்ணால் காட்டினார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. “இந்தக் குகைக்குள்ள நடக்கும்போதுதான் ஏட்டி, நீ அந்தச் செவுரப் பாக்க மாட்டேங்க” என்றார்.

நான் பெட்டியை வைத்து அவரைக் கொண்டுவருகிறேன் என்று நினைத்திருக்கிறேன். அவர் அதே பெட்டியை வைத்து என்னை உட்கார வைத்திருக்கிறார். “சவம்” என்றேன். இத்தனை வருஷத்தில் அவரையே முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது அன்றுதான். ஊசி குத்திய கை அசையாமல், வயிறு மட்டும் குலுங்கச் சிரித்தார். தலையணை மேல் பெட்டி ஆடியது.

அதற்குள் அதன் மூலையில் சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் குளக்கரையில் நின்றபடியே திரை அணைந்தது. அவர் மடக்கி என்னிடம் நீட்டினார்.

“புதன்கிழமைக்கு மறக்காம சார்ஜ் போட்டு எடுத்துக்க” என்றார்.

புதன்கிழமை என்று சொன்னார். நான் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சரி என்றேன்.