தண்ணீர் வீரனின் வெள்ளிக்கிழமைகள்

பறக்கிற ஹீரோவை நான் ஒருநாளும் மதித்ததில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயமே இல்லாதவன் மாடியிலிருந்து குதிப்பதில் என்ன பெருமை? பிறவியிலேயே பலத்தோடு வந்தவனும் அப்படித்தான், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவன். அடிபட்டு, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்து நிற்கிறவன்தான் ஹீரோ என்பது என் கட்சி. நாலாம் வகுப்பிலேயே இதில் உறுதியாக இருந்தேன். தருமபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகள் என்னோடு மல்லுக்கு நின்று, தோற்று, டீச்சரிடம் கோள் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட எனக்கு விளையாட்டுக் கூட்டாளியாக வாய்த்தவர் வாப்பா. அவர் சவுதியில் குழாய் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, அவர் கட்டிலில் சாயும் நேரத்துக்கு நான் பள்ளிவிட்டு வந்திருப்பேன். வெளிநாட்டில் வாப்பா இருக்கிற மற்ற வீடுகளில் அந்த நேரத்துப் பேச்சு "சாப்பிட்டியா, ஒழுங்கா படிக்கிறியா" என்பதோடு முடிந்துவிடும். எங்களுக்கு அது போதவில்லை. அதனால் இரண்டு பேரும் போனில் ஒரே விளையாட்டை இறக்கி வைத்திருந்தோம். இடிந்துகொண்டிருக்கும் ஒரு நகரம். அதில் அகப்பட்ட ஜனங்களை ராட்சத இயந்திரங்களிடமிருந்து இரண்டு ஹீரோக்கள் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். விளையாடிக்கொண்டே பேசவும் செய்யலாம்.

நான் மின்னல்காரி. வாப்பா தேடித் தேடி எடுத்தது தண்ணீர் வீரனை. அந்த விளையாட்டிலேயே உருப்படாத ஹீரோ அவன்தான். இயந்திரத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது குளித்த எருமை மாதிரி நிதானமாகத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

"வேற ஆளே கெடைக்கலையா வாப்பா?"

"நமக்குத் தெரிஞ்ச தொழில்ம்மா. இவனத்தான் நான் நம்புவேன்."

இடுக்கி பிடித்துத் தடித்த அவருடைய கட்டைவிரலுக்குத் தொடுதிரை பிடிபடவே இல்லை. முன்னால் போகச் சொன்னால் பின்னால் போவார், குதிக்கச் சொன்னால் உட்காருவார். இதற்கெல்லாம் மேலே இன்னொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் தண்ணீர் வீரன் அசையாமல் நிற்பான்.

"மொதல்ல பிஸ்மி சொல்லு."

"வாப்பா, மிஷின் வருது! குதிங்க!"

"வரட்டும். நீ சொல்லு."

நான் அவசர அவசரமாக அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இயந்திரம் வந்து அவரை நசுக்கியிருக்கும். வாப்பா அங்கே வயிறு குலுங்கச் சிரிப்பார். எனக்கு அழுகை வரும். கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய பாலம் உண்டு. எங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேராமலே முடிந்தன.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவின் குரல் வரவில்லை. 'மைக் கெட்டுப்போச்சு' என்று எழுத்தில் வந்தது. கட்டம் தொடங்கியதுமே தண்ணீர் வீரன் பாய்ந்தான். கூரை விட்டுக் கூரை தாவினான். தரையில் தண்ணீரைத் தெளித்து, இயந்திரங்களை வழுக்கி விழவைத்து, ஒன்றோடொன்று மோதவிட்டான். அவனை அப்படியும் பயன்படுத்தலாம் என்று எனக்கே தெரியாது. பிஸ்மிக்காக அவன் நிற்கவில்லை. இவ்வளவு நன்றாக விளையாடுகிற ஆளிடம் அதையெல்லாம் கேட்கக்கூடாது என்று, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

உம்மாவிடம் ஓடினேன். "வாப்பாவுக்கு வெளையாட வந்துட்டும்மா! சூப்பரா ஆடுறாங்க!"

உம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கீழவாஞ்சூர்ப் பக்கமிருந்து காற்றடித்தால் துறைமுகத்துக் கரித்தூள் துணியெல்லாம் படிந்துவிடும். ஒரு வெள்ளைத் துப்பட்டியை உதறியவர், உதறிக்கொண்டே இருந்தார். "அப்படியா?" என்றார். முகத்தைத் திருப்பவில்லை. துவைத்ததெல்லாம் வீணாகிவிட்ட எரிச்சல் என்று நினைத்தேன்.

வாப்பா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலை செய்யும் இடத்தில் தலையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சில்லாமல், கண் திறக்காமல் கிடந்தார். என்னோடு விளையாடியது அவருடைய அறையில் தங்கியிருந்த நெடுங்காட்டுக்காரர். வயல்வேலை பிடிக்காமல் வெளிநாடு போன இளைஞர். வாப்பாவின் போன் அவரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமையானதும் நான் விடாமல் விளையாடக் கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் விடாமல் மணியடித்திருக்கிறது. என்ன செய்வதென்று அவர் உம்மாவிடம் போனில் கேட்டார். "புள்ளைக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம் தம்பி. அவங்க கண்ணு முழிச்சதும் சொல்லிக்கலாம். நீங்க கொஞ்சம் வெளையாடுங்க" என்று உம்மா சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பல வருஷம் கழித்து, அவர் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது. நான் பெரியவளாகியிருந்தேன். அவர் என்னை நேராகப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

இப்போதும் சூப்பர் ஹீரோ படம் ஒன்றையும் நான் விடுவதில்லை. ஆனால் செத்துப்போன ஹீரோ அடுத்த பாகத்தில் எழுந்து வந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அரங்கமே விசிலடிக்கும்போது நான் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருப்பேன். அதை எழுதுகிறவர்களின் வீட்டில் சாவே விழுந்ததில்லையா?

அந்த வருஷம், மழை நின்று வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாலத்தின் விளிம்பில் ஒரு பள்ளிக்கூட வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான் மின்னலால் இயந்திரத்தைத் தடுக்க, தண்ணீர் வீரன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துப்பட்டி போர்த்திய பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரிச் செய்தி கம்பெனி வழியாக எங்கள் மாமாவுக்கு வந்து, மாமா மூலம் வீடுவரை வந்துவிட்டது. பார்வை நேரம் முடிந்து அறைக்குத் திரும்பி, சொன்ன சொல்லுக்காகப் போனை எடுத்து உட்கார்ந்த நெடுங்காட்டுக்காரருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பெரியம்மா என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "வாப்பா மவுத்தாயிட்டாங்களேடி, எம் புள்ள!"

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரு சொன்னா? இங்க பாருங்க பெரியம்மா, வாப்பா வண்டிய தள்ளிக்கிட்டு இருக்காங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். தண்ணீர் வீரன் அசைவது எல்லோருக்கும் தெரிந்தது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். யாரோ என் கையிலிருந்து போனைப் பிடுங்கப் பார்த்தார்கள்.

"வுட்டுடுங்க" என்று உள்ளறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. அவருடைய குரல் மாதிரியே இல்லை. "முடிச்சிட்டு வரட்டும். அவ வெளையாடட்டும்."

நான் விளையாடினேன். வண்டி அக்கரை ஏறியது. திரையில் ஜனங்கள் கைதட்டினார்கள், தண்ணீர் வீரன் கையை உயர்த்தி ஆட்டினான். நிமிர்ந்து பார்த்தால் கூடம் முழுக்கப் பெண்கள், அத்தனை பேரும் என்னையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் வாப்பாவும் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறோம், இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.