பெயர் தெரியும்வரை காத்திருந்த பழம்

காட்டுப் பழத்தைப் பற்றித் தவறாக எழுதினால் எவரேனும் உண்டு துன்புறக்கூடும். ஆகவே நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், போடிமெட்டுக்கு அப்பாலுள்ள சோலையில் நடந்தபோது, அடிமரத்திலேயே சிவந்த பழங்கள் கொத்தாகத் தொங்கும் மரமொன்றைக் கண்டேன். இலையுடன் சில பழங்களைப் பறித்துப் போடியிலுள்ள வீட்டுக்குக் கொணர்ந்தேன். நெடுநாள் காய்ச்சலால் நாச்சுவை இழந்து படுத்திருந்த என் மனைவி, அவற்றைக் கண்டதும் எழுந்து அமர்ந்தாள்.

"புளிப்பா இருக்கும்போல. ஒண்ணு கொண்டாங்க."

"என்ன பழம்னு தெரியட்டும்."

"பேரு வச்சுக் காது குத்தினாத்தான் திங்கத் தருவீகளா?" என்று சிரித்தாள்.

நான் தரவில்லை. கடைவீதியில் விசாரித்தேன், எவரும் அறிந்திருக்கவில்லை. அந்த வாரமே அவள் இறந்துபோனாள்.

துக்கத்துக்கு ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்த அவள் அண்ணன், மாடத்தில் வாடிக்கிடந்த பழங்களைக் கையில் எடுத்தார்.

"மூட்டிப்பழம்ல இது, மாப்ளே. மேல நாங்க திங்கிறதுதான்."

இப்போதெல்லாம் அறியாத பழத்தைக் கண்டால், அங்குள்ள தோட்டத்தாரிடம் கேட்டறிந்த பின்பே மலையிறங்குகிறேன். மூட்டிப்பழத்தைப் பின்னர் நானும் உண்டு பார்த்தேன், புளிப்புத்தான். அவளுக்கு அது பிடித்திருக்குமா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.