கூரை போட்ட பாலம்

காலை ஏழு பத்து. போர்கோ வெக்கியோ பேருந்துத் தரிப்பிடத்தில், கூரைக்கு வெளியே மழையில் நின்றவரைத்தான் முதலில் பார்த்தேன். வீட்டுவேலைக்குப் போகும் வன்னிக்காரர், ஐம்பது வயதிருக்கும். கூரையின் கீழே நிறைய இடமிருந்தது.

"அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. இந்தக் கோலத்திலை போனா வீட்டுக்கார சின்யோரா கதவு திறக்கமாட்டா."

சிரித்தபடி கையிலிருந்த பொலித்தீன் பையைக் காட்டினார். உள்ளே மாற்றுச் சட்டை. "அவ பழகிட்டா, தம்பி."

மறுபடியும் அழைத்தேன்.

"எங்கட வாய்க்காலிலை ஒரு மரப்பாலம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையள் மழைக்கு ஒதுங்கட்டுமெண்டு நான்தான் கூரை போட்டனான். சண்டை நேரம் சனம் அந்தக் கூரைக்குக் கீழைதான் ஒதுங்கினது. செல் குண்டு விழேக்கை என்ர மகளும் அங்கைதான். கூரை இல்லாட்டி ஒருத்தரும் நிண்டிருக்க மாட்டினம்."

ஏழு இருபத்தெட்டுக்குப் பேருந்து வந்தது. அவர் கடைசியாக ஏறினார்.